இறகர்களுக்கு என்ன விலை?

புத்தகங்களைப் பற்றிப் பேசவென்றே கூடும் நம் நண்பர் குழு, சில ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகங்களை மூடிவைத்துவிட்டுப் பகடைகளைக் கையில் எடுப்பதுண்டு. இலக்கிய வாசகர்களுக்குப் பகடையோடு என்ன உறவு என்று கேட்கலாம். நாம் ஆடுவது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஆட்ட நடுவர். குகை, கோபுரம், சந்தை, அரக்கர் என்று ஓர் உலகத்தையே அவர் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அவ்வுலகினுள் நுழைந்து, தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். எண்ணிய செயல் பலித்ததா இல்லையா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை தீர்மானிக்கிறது. பலர் கூடிச் சொல்லும் கதை என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

ஒருமுறை நண்பர் ஒருவர், தாமே படைத்த ஓர் இனத்தை நான்கு பக்கங்களில் எழுதிக்கொண்டு வந்தார். மலைமுகடுகளில் கூடு கட்டி வாழும் இறகர்கள். அவர்களுடைய திருமணம், ஈமச்சடங்கு, வசைச்சொற்கள் வரை எழுதியிருந்தார்; படிக்கவே இன்பமாக இருந்தது. நான்காம் பக்கத்தில்தான் ஆட்டக் கணக்கு. இறகர்கள் பிறவியிலேயே பறக்க வல்லவர்கள். அதற்கு ஈடாக வலிமையில் 2 குறைவு. இரும்புக் கவசம் அணியக்கூடாது. ‘சமன் செய்துவிட்டேன்’ என்றார் நண்பர். நாமும் தலையாட்டினோம்.

அன்றைய ஆட்டத்தில் ஒரு பள்ளத்தாக்கு வந்தது. அறுந்து தொங்கும் கயிற்றுப் பாலம், அக்கரையில் காவலர்கள். நடுவர் ஒரு வாரம் யோசித்து வைத்திருந்த காட்சி. நம் இறகர் ஒரு மந்திரவாதி. காவலர்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள் அவர் எதிர்ப்பாறையில் இறங்கித் தூக்க மந்திரத்தை ஓதிவிட்டார். காட்சி முடிந்தது. மற்ற மூவரும் கையில் வைத்திருந்த பகடைகளை மேசையில் மெல்ல வைத்தார்கள். வலிமை குறைந்ததால் இறகர் இழந்தது எதுவுமில்லை. மந்திரவாதிக்கு வாள் எதற்கு, இரும்புக் கவசம் எதற்கு?

ஆட்டக்காரர்கள் தம் கைப்படச் செய்துகொள்ளும் இவ்வகைப் படைப்புகளை ‘ஹோம்ப்ரூ’ என்பார்கள். வீட்டில் காய்ச்சிய மது என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். வீட்டில் காய்ச்சியதன் பதம் பார்ப்பது எப்படி? ஒரு கற்பனை இனம் மற்றவற்றுக்குச் சமமானதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? இரவு வெகுநேரம் வாதிட்ட பிறகு பழைய விதிநூல்களைப் புரட்டத் தொடங்கினோம். ஐம்பது ஆண்டுகளாகத் தேர்ந்த படைப்பாளிகளே இதே கேள்விக்கு விடை தேடித் தடுமாறியிருக்கிறார்கள் என்பது புரிந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

முதல் இரத்தக் காட்டேரி

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னஸன் என்ற இளைஞர் 1971ஆம் ஆண்டு வாக்கில் ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை நிலத்தில் தம் நண்பர்களை ஆடவைத்துக் கொண்டிருந்தார். அச்சிட்ட விதிநூல் ஏதும் அப்போது இல்லை. எல்லாமே வீட்டில் காய்ச்சியதுதான். அந்த ஆட்டத்தில் ஒருவருடைய பாத்திரம் இரத்தக் காட்டேரியாக மாறிவிட்டது. வாளுக்கும் வேலுக்கும் அஞ்சாத அந்தக் காட்டேரியின் பலம் நாளுக்கு நாள் ஏறியது, மற்றவர்கள் திணறினர். ஆர்னஸன் காட்டேரியின் பலத்தைக் குறைக்கவில்லை. காட்டேரிகளை விரட்டும் திறன் படைத்த ஒரு சமயகுருவை எதிரில் கொண்டுவந்து நிறுத்தினார். பழைய திகில் திரைப்படங்களில் சிலுவை ஏந்தி வரும் வேட்டைக்காரர்தான் அதற்கு முன்மாதிரி.

அந்தச் சமயகுரு அத்தோடு மறைந்துவிடவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் ஆர்னஸனும் சேர்ந்து 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தை வெளியிட்டபோது, அதிலிருந்த மூன்று தொழில்களில் ஒன்றாக அவர் இடம்பெற்றார்: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. சமநிலை குலைத்த ஒரே ஒரு பாத்திரத்துக்காகச் செய்யப்பட்ட மருந்து, ஆட்டத்தின் தூண்களில் ஒன்றாகிவிட்டது. ஒரு புதிய இனத்தின் பலம் அதனுள் மட்டும் இருப்பதில்லை, எதிரில் யார் இருக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது என்ற பாடம் ஆட்டம் அச்சேறும் முன்பே கிடைத்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதைப் பலமுறை மறந்தார்கள்.

கூரை போட்ட வீடு

1974ஆம் ஆண்டின் பெட்டியில் மூன்று சிறு நூல்கள் இருந்தன. முதல் அச்சில் ஆயிரம் பிரதிகள். மனிதரோடு குள்ளர், எல்ஃப், ஹாபிட் ஆகிய இனங்களும் அதில் உண்டு. டோல்கீன் படைப்புகளின் உரிமை பெற்றவர்கள் ஆட்சேபித்ததால் சில ஆண்டுகளில் ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ ஆயிற்று. ஆட்டத்துக்கு டோல்கீனே மூலம் என்று பலரும் எண்ணினாலும் கைகாக்ஸ் அதை முழுமையாக ஏற்றதில்லை. 1979இல் நடுவர் கையேட்டின் பின்னிணைப்பாக அவர் கொடுத்த வாசிப்புப் பட்டியலில் ஜாக் வான்ஸ், ஃப்ரிட்ஸ் லைபர், போல் ஆண்டர்சன், ராபர்ட் ஹோவர்ட் ஆகியோர் பெயர்கள் வருகின்றன. வாளும் துணிச்சலும் கொண்ட மனிதன், தனக்குப் புரியாத மாய உலகில் அலையும் கதைகளே அவர் மனத்துக்கு நெருக்கமானவை. அவர் ஆட்டத்தின் மையத்தில் மனிதன் இருந்ததற்கு இந்த வாசிப்பே காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் குள்ளருக்கும் எல்ஃபுக்கும் மனிதரிடம் இல்லாத பிறவிக்கூறுகள் இருந்தன. எல்ஃப் வாளும் எடுக்கலாம், மந்திரமும் ஓதலாம். அப்படியானால் யார்தான் மனிதனாக ஆட விரும்புவார்கள்? கைகாக்ஸ் கண்ட வழி, கூரை போடுவது. ஆட்டத்தில் பாத்திரங்கள் அனுபவத்தால் படிநிலை உயர்கின்றன அல்லவா? குள்ளப் போர்வீரன் 6ஆம் நிலைக்கு மேல் ஏற முடியாது. எல்ஃப் வீரனாக 4ஆம் நிலையோடும், மந்திரவாதியாக 8ஆம் நிலையோடும் நின்றுவிட வேண்டும். ஹாபிட்டுக்கும் 4ஆம் நிலையே எல்லை. மனிதனுக்கு எல்லை இல்லை.

இதன் பலன் என்ன? பெரும்பாலான ஆட்டங்கள் அந்தக் கூரையை எட்டுவதற்கு முன்பே கலைந்துபோயின. ஒருவருக்குத் திருமணம், இன்னொருவருக்கு வேலை மாற்றம். அத்தகைய ஆட்டங்களில் எல்ஃப் தன் சலுகைகளை விலையின்றி அனுபவித்தது. இரண்டாண்டு, மூன்றாண்டு தொடர்ந்த ஆட்டங்களிலோ எல்ஃபாக ஆடியவர் ஒருநாள் திடீரென்று நின்றுபோனார். நண்பர்கள் தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். முதல் ஆண்டில் மனிதனாக ஆடியவருக்கு அநீதி, மூன்றாம் ஆண்டில் எல்ஃபாக ஆடியவருக்கு அநீதி. இரண்டு அநீதிகளைக் கூட்டினால் நீதி கிடைத்துவிடும் என்ற கணக்கு அது. கதையுலகிலும் அதற்கு நியாயம் சொல்ல இயலவில்லை. நூற்றாண்டுகள் வாழும் எல்ஃப் எட்டாம் நிலையில் நிற்க, அறுபது வயது மனிதன் பேராசானாவது எப்படி? நடுவர்கள் பலர் அந்த விதியைச் சத்தமின்றி ஒதுக்கிவைத்தனர்.

அதே 1974ஆம் ஆண்டு நூலில் வேறொரு வழியும் ஒரு சிறு பத்தியில் கிடக்கிறது. ஆட்டக்காரர் ஏறக்குறைய எந்த உயிரினமாகவும் ஆடலாம். பலவீனமாகத் தொடங்கிப் படிப்படியாக வளர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. டிராகனாக விரும்புகிறவர் இளம் குட்டியாகத் தொடங்கட்டும் என்கிறது நூல். படிகளை வகுப்பது நடுவர் பொறுப்பு. இவ்வளவு தாராளமாகத் தொடங்கிய கைகாக்ஸே 1979இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அரக்க உருவை விரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் பலத்தை விரும்பி வருகிறவர்களே என்று கண்டித்து, ஆட்டம் மனித மையமானதே என்று எழுதினார். குட்டி டிராகன் இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் அந்தப் பத்தியில் உறங்கியது.

தவணைமுறை

1981இல் டாம் மோல்ட்வே திருத்தியமைத்த தொடக்கநிலைப் பதிப்பு இன்னொரு விடை சொன்னது. அதில் எல்ஃப் என்பதே ஒரு தொழில். எல்ஃப் வீரன், எல்ஃப் திருடன் என்ற பிரிவெல்லாம் கிடையாது. வாளும் மந்திரமும் ஒருங்கே கைவரப்பெற்ற எல்ஃப் இரண்டாம் நிலைக்கு உயர 4000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். போர்வீரனுக்கு 2000 போதும், திருடனுக்கு 1200 போதும். எல்ஃப் முதல் படி ஏறும் நாளில் போர்வீரனும் திருடனும் மூன்றாம் நிலையில் இருப்பார்கள்.

கலாசார வேறுபாடுகளையெல்லாம் ஒரே அச்சில் வார்த்துவிட்டது என்று இப்பதிப்பைக் குறை கூறுவோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் நம் கேள்வியைப் பொறுத்தவரை இது கூரையைவிட மேலான தீர்வு. சலுகையை அனுபவிக்கும் நாளிலேயே விலையும் தவணையாகச் செலுத்தப்படுகிறது. அப்பதிப்பிலும் எல்ஃபுக்கு 10ஆம் நிலையில் ஒரு கூரை உண்டுதான். ஆனால் எடையைத் தாங்கியது அந்தக் கூரை அன்று, தவணைதான்.

பாதாளத்தில் சூரியனுக்கு அஞ்சியவர்கள்

1978இல் வெளிவந்த சாகசங்களில் வில்லன்களாக அறிமுகமானவர்கள் டிரௌ என்னும் கருநிற எல்ஃபுகள். நிலத்தடி நகரங்களில் வாழ்பவர்கள். 1985இல் ‘அன்எர்த்ட் ஆர்கானா’ என்ற நூல் அவர்களை ஆட்டக்காரர்களுக்கும் திறந்துவிட்டது. பிறவியிலேயே வாய்த்த சில மந்திரங்கள் அவர்களுக்கு உண்டு. ஈடாகச் சொல்லப்பட்ட குறை, பகல் வெளிச்சத்தில் தடுமாற்றம்.

ஆட்டத்தின் பெயரிலேயே பாதாளச் சிறை இருக்கிறது. கதைகளில் பெரும்பகுதி குகைகளிலும் நிலவறைகளிலும் நடக்கிறது. அங்கே வெயிலுக்கு அஞ்சுவது என்ன குறை? மீனுக்கு மரம் ஏறத் தெரியாது என்று விலையைக் குறைத்துக்கொள்வது போன்றதுதான் அது. நம் நண்பர் இறகருக்கு வலிமையைக் குறைத்ததும் இதே பிழை. இறகரை மந்திரவாதியாக ஆட எண்ணியவருக்கு அந்த வலிமை தொடக்கத்திலிருந்தே தேவைப்படவில்லை. குறை என்பது பாத்திரம் நாள்தோறும் நடக்கும் வழியில் குறுக்கிட வேண்டும். இல்லையேல் அது தாளில் மட்டுமே குறை.

1988இல் ஆர். ஏ. சால்வடோர் எழுதிய நாவலில் டிரிஸ்ட் என்ற டிரௌ வீரன் வந்தான். தன் இனத்தின் கொடுமையை வெறுத்து வெளியேறிய தனியன். அவனைப் படித்தவர்கள் தாமும் டிரௌவாக ஆட விரும்பினார்கள். பலத்துக்காக மட்டுமே வேற்றுருவை நாடுகிறார்கள் என்ற கைகாக்ஸின் குற்றச்சாட்டுக்கு இது ஒரு மறுப்பு என்றே நாம் கருதுகிறோம். நம் நண்பர் இறகரின் ஈமச்சடங்கை எழுதியபோது பலத்தை நினைத்தா எழுதினார்? அந்நியனாக இருந்து பார்க்கும் ஆசை இலக்கியத்தின் ஆசையும்தான். அதற்கு நியாயமான விலை எது என்பதே சிக்கல்.

படைப்பாளியின் காதல் கணக்கை மீறிவிடும் என்பதற்கும் சான்று உண்டு. 1992இல் காலின் மெக்கோம்ப் எழுதிய எல்ஃபுகளைப் பற்றிய கையேடு, அவர்களை எல்லாத் துறைகளிலும் மேலானவர்களாக்கிவிட்டதென்று ஆட்டக்காரர்களிடையே பேர்போனது. மெக்கோம்ப் பிற்காலத்தில் ஒரு காணொளியில் பாதி வேடிக்கையாக மன்னிப்பே கேட்டார். அச்சுநூல் எழுதியவருக்கே அந்நிலை என்றால், வீட்டில் எழுதுகிறவரை என்ன சொல்ல!

முன்கூட்டிச் செலுத்திய கடன்

2000ஆம் ஆண்டில் ஜொனாதன் ட்வீட், மாண்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் ஆகியோர் வடிவமைத்த மூன்றாம் பதிப்பு கூரைகளை அடியோடு நீக்கியது. விதிகளின் அடிப்படையைப் பிறரும் எடுத்தாள உரிமம் அளிக்கப்பட்டது. வீட்டில் காய்ச்சியவை புத்தகங்களாகிக் கடைகளுக்கு வந்தன. பலமான இனங்களுக்கு ‘நிலைச் சரிக்கட்டல்’ என்ற புதிய விலை வைக்கப்பட்டது. டிரௌவுக்கு அது 2. அதாவது மூன்றாம் நிலை டிரௌ, மற்றவர்களின் ஐந்தாம் நிலைக்குச் சமமாகக் கொள்ளப்படும்.

கேட்பதற்கு அறிவார்ந்த தீர்வு. ஆட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். ஐந்தாம் நிலை மந்திரவாதி நெருப்புக்கோளத்தை வீசக் கற்கிறான். அந்த ஆட்டத்தின் பெரிய திருப்பங்களில் அதுவும் ஒன்று. அவன் பக்கத்தில் நிற்கும் டிரௌ மந்திரவாதி மூன்றாம் நிலையில் இருப்பதால் அவனுக்கு அது எட்டாது. உயிர்ப் புள்ளிகளும் குறைவு. உச்சமான எடுத்துக்காட்டு, மூளை உறிஞ்சும் ‘மைண்ட் ஃப்ளேயர்’. அதன் இயல்பான உயிர்நிலை 8, சரிக்கட்டல் 7. ஆகவே அது 15ஆம் நிலைப் பாத்திரங்களோடு சேர்ந்து ஆட வேண்டும். பதினைந்தாம் நிலைக்குரிய பகைவர்களின் அடியை எட்டாம் நிலை உடம்பு எத்தனை முறை தாங்கும்?

கூரையில் விலை மிகத் தாமதமாக வந்தது. இங்கே அது மிக முன்னதாக, ஆளையே முடக்கும் அளவில் வந்தது. 2004இல் அதே பதிப்பின் துணைநூல் ஒன்று, அனுபவப் புள்ளிகளைக் கொடுத்து இந்தச் சரிக்கட்டலைச் சிறிது சிறிதாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்று வழி சொன்னது. வட்டிக்கு வாங்கியவனிடம் அசலில் தள்ளுபடி செய்வதைப் போல.

இதற்கு ஓராண்டு முன்னர், 2003இல் வெளிவந்த ‘சாவேஜ் ஸ்பீசீஸ்’ என்ற நூல், அரக்க இனங்களைப் படிநிலைகளாகப் பிரித்துக் கொடுத்திருந்தது. முதல் நிலையில் அரக்கன் முழு அரக்கனல்லன். ஒவ்வொரு நிலையிலும் தன் இயல்பில் ஒரு பகுதியைப் பெறுகிறான். 1974ஆம் ஆண்டுப் பத்தியில் உறங்கிய குட்டி டிராகன் அங்கே கண்விழித்ததாகச் சொல்லலாம்.

புள்ளிக் கணக்கின் மயக்கம்

ஒவ்வொரு கூறுக்கும் ஒரு விலை குறித்துக் கூட்டிப் பார்த்தால் என்ன? 1995இல் வந்த ‘ஸ்கில்ஸ் அண்ட் பவர்ஸ்’ அதை முயன்றது. 2012இல் ‘பாத்ஃபைண்டர்’ ஆட்டத்தின் இனங்கள் கையேடு மேலும் விரிவாகச் செய்தது. அதன் கணக்கில் அடிப்படை இனங்கள் 8 முதல் 11 புள்ளிகளுக்குள் அடங்குகின்றன: அரை ஆர்க் 8, மனிதர் 9, எல்ஃப் 10, குள்ளர் 11. சாதாரண டிரௌ 14. டிரௌ பிரபுவோ 41. எட்டும் பதினொன்றும் ஒரே வரிசையில் நிற்கலாம், நாற்பத்தொன்று நிற்கலாகாது என்று சொல்வதற்கு இத்தகைய அட்டவணை உதவும். அதற்கு மேல் நம்பினால் மயக்கம்தான்.

ஏனென்று பகடையைக் கொண்டே விளக்கலாம். இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி என்றால், வாய்ப்பு 50 விழுக்காடு. கூடுதலாக 1 கிடைத்தால் அது 55 ஆகிறது. பத்தில் ஒரு பங்கு முன்னேற்றம். 20 விழுந்தால் மட்டுமே வெற்றி என்ற நிலையில் வாய்ப்பு 5 விழுக்காடு. அதே கூடுதல் 1 அதனை 10 ஆக்குகிறது, அதாவது இரட்டிப்பு. ஒரே கூறு, ஒரே புள்ளி, இரு வேறு பயன்கள். நான்கு திசைகளில் சிதறிக் கிடக்கும் பத்துப் புள்ளிகளும், வில்லாளி ஒருவனுக்கே பொருந்துமாறு அடுக்கிய பத்துப் புள்ளிகளும் ஒன்றாகிவிடுமா?

சில ஆற்றல்கள் எந்த அட்டவணைக்கும் பிடிபடுவதில்லை. பறத்தல் அவற்றில் தலையாயது. ஐந்தாம் பதிப்பில் பறக்கும் மந்திரம் மந்திரவாதிக்கு ஐந்தாம் நிலையில் கிட்டுகிறது. பத்து நிமிடங்களுக்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாதவரை. 2015இல் ஆட்டக்காரர்களுக்குத் திறந்துவிடப்பட்ட ‘ஆராகோக்ரா’ என்ற பறவை இனமோ முதல் நிலையிலேயே, நாள் முழுவதும், சுற்றுக்கு 50 அடி வேகத்தில் பறந்தது. 2022இல் அந்த வேகத்தை நடை வேகத்துக்குக் குறைத்தார்கள். ஆனால் சிக்கல் வேகத்தில் இல்லை. பள்ளம், மதில், ஆறு, பொறிக்குழி என்று ஒரு வகைத் தடை முழுவதையும் பறத்தல் ஆட்டத்திலிருந்து அழித்துவிடுகிறது. கூட்டல் எண்கள் ஆட்டத்துக்குள் ஓர் இடத்தைத் தருகின்றன. இதுவோ ஆட்டத்தின் ஒரு பகுதியையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

குறை என்னும் நாணயம்

இவ்வரலாற்றில் நம்மை மிகவும் யோசிக்கவைத்தது கழித்தல் குறிதான். ஒன்றில் கூட்டினால் மற்றொன்றில் கழிக்க வேண்டும் என்பது 1978ஆம் ஆண்டு நூலிலிருந்தே தொடர்கிறது. எல்ஃபுக்கு லாவகத்தில் 1 கூடுதல், உடலுறுதியில் 1 குறைவு. மூன்றாம் பதிப்பில் அரை ஆர்க்குக்கு வலிமையில் 2 கூடுதல். அறிவிலும் கவர்ச்சியிலும் தலா 2 குறைவு. சண்டைக்குரிய ஆட்டத்தில் வலிமை விலை மிக்கது, ஆகவே இரண்டு குறைகள் ஈடு என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் அரை ஆர்க்கை வாள்வீரனாக ஆடுபவருக்கு அறிவு குறைவதால் பெரிய நட்டமில்லை. அறிஞனாக ஆட விரும்பும் அபூர்வமான ஒருவருக்கு மட்டுமே அது தண்டனை. பொதுவழியில் போகிறவனுக்குச் சுங்கமில்லை, தனிவழி தேடுகிறவனுக்கு மட்டும் சுங்கம். ஆட்டக் கணக்காகவே இது தோல்வி.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. பலசாலி இனத்துக்கு ஈடாக மூடத்தனத்தை வைக்க வேண்டும் என்று ஏன் உடனே தோன்றுகிறது? அந்தக் கை பகடை சாத்திரத்திலிருந்து நீளவில்லை. மனிதர்களைப் பற்றி மனிதர்கள் சொல்லிவந்த பழங்கதைகளிலிருந்து நீள்கிறது. ‘இனம்’ என்ற சொல்லைத் தாங்கி நிற்கும் பட்டியலில் அறிவுக்கு நேரே கழித்தல் குறி இருப்பதை வெறும் எண்ணென்று கடந்துபோக எல்லாராலும் இயலாது. 2008இல் வந்த நான்காம் பதிப்பே தன் அடிப்படை இனங்களிலிருந்து கழித்தலை நீக்கிவிட்டது. ஐந்தாம் பதிப்பில் 2016ஆம் ஆண்டு நூலொன்றில் ஆர்க்குக்கும் கோபால்டுக்கும் அது திரும்ப வந்தது. 2020இல் திருத்தமாக விலக்கப்பட்டது. அதே ஆண்டின் ‘டாஷாஸ் கால்ட்ரன்’ நூல், இனத்தால் வரும் கூடுதல்களை ஆட்டக்காரர் தாம் விரும்பிய இயல்புக்கு மாற்றிக்கொள்ள இடமளித்தது. 2024ஆம் ஆண்டு விதிநூலில் இயல்பின் கூடுதல்கள் பாத்திரத்தின் கடந்தகால வாழ்வோடு இணைக்கப்பட்டன; இனம் என்ற சொல்லே போய், உயிரினத்தின் வகை என்று பொருள்படும் ‘ஸ்பீசீஸ்’ வந்தது.

எல்லா இனங்களும் ஒன்றுபோல் ஆகிவிட்டன, வேற்றுமையின் சுவை போயிற்று என்று வருந்துவோர் நம் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கவலையை நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் வேற்றுமை கழித்தல் குறியில்தான் இருந்ததா என்ன? இறகரின் வசைச்சொற்கள் நமக்கு இன்றும் நினைவிருக்கின்றன. வலிமையில் எத்தனை குறைவு என்பதை எழுதும்போது தாளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எடை போட வேண்டியது எதை?

ஐம்பது ஆண்டுகளின் பாடத்தைத் தொகுத்தால் மூன்று கேள்விகள் எஞ்சுகின்றன. விலை எப்போது செலுத்தப்படுகிறது? எந்த நாணயத்தில்? யாருக்குப் போய்ச் சேருகிறது? முதல் கேள்வியில் கூரை வீழ்ந்தது, கடனும் வீழ்ந்தது. இரண்டாவதில் வெயிலுக்கு அஞ்சிய டிரௌவும் மூட ஆர்க்கும் வீழ்ந்தனர். மூன்றாவது கேள்வியை விதிநூல்கள் அதிகம் கேட்கவே இல்லை. இறகரின் வலிமை குறைந்ததால் மேசையிலிருந்த மற்ற மூவருக்கும் என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. அவர்கள் இழந்தது ஒரு பள்ளத்தாக்கை.

இவ்வாட்டத்தில் ஒருவரையொருவர் வெல்வது நோக்கமன்று. ஆகவே சமநிலை என்பது பலத்தின் சமநிலையாக இருக்கத் தேவையில்லை. மேசையில் அமர்ந்த ஒவ்வொருவருக்கும், ‘இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்?’ என்ற கேள்வி வந்துசேர வேண்டும்; அந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் விடையால் கதை திரும்ப வேண்டும். எடை போட வேண்டியது அதைத்தான். ஆர்னஸன் காட்டேரியின் சிறகை வெட்டாமல் எதிரில் ஒரு சமயகுருவை நிறுத்தியபோது செய்ததும் அதுதானே? இன்னொருவருக்கு மேசையில் வேலை கிடைத்தது.

நண்பரின் நான்காம் பக்கத்தை எல்லாருமாக அமர்ந்து திருத்தினோம். வலிமைக் குறைவையும் கவசத் தடையையும் அடித்துவிட்டோம். இளம் இறகர் உயரத்திலிருந்து சறுக்கி இறங்க மட்டுமே வல்லவர். ஐந்தாம் நிலையில் சிறிது நேரம் பறப்பார். ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமிதம் அதிக நாள் நீடிக்கவில்லை. 2024ஆம் ஆண்டு நூலில் டிராகன் வழித்தோன்றல்களுக்கும் ஐந்தாம் நிலையில்தான், நாளுக்கு ஒருமுறை, பத்து நிமிடங்களுக்குச் சிறகு முளைக்கிறது. 1974இன் குட்டி டிராகனும் சொன்னது அதையே.

கடைசியில் ஒரு வரியை நண்பர் தாமாகவே சேர்த்தார்: சறுக்கி இறங்கும் இறகர் இன்னொருவரைச் சுமந்து செல்லலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடுவர் மீண்டும் ஒரு பள்ளத்தாக்கை வைத்தார். இம்முறை யார் யாரைச் சுமப்பது, அக்கரையில் முதலில் கால் வைப்பது யார், கயிற்றை எங்கே கட்டுவது என்று அரைமணி நேரம் நால்வரும் வாதிட்டார்கள். பகடைகள் எல்லார் கையிலும் இருந்தன.